வேலைக்கு முந்தைய இரண்டு வருடங்கள்: நீலகிரியில் ஆசிரியர் பயிற்சி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு மாணவ மாணவியருக்கு,

வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புகள், 23 பிள்ளைகள், என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். கற்பித்தல் பயிற்சிக்காக உங்களில் நான்கு பேர் எங்களிடம் வந்து போனீர்கள். கடைசி நாள் மாலை மினி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: "டீச்சர், எனக்கு வேலை கிடைச்சு இந்த மாதிரி ஒரு ஸ்கூல்ல போட்டுட்டாங்கன்னா, முதல் நாள் நான் என்ன செய்யணும்?"

"தைரியமா போங்க, எல்லாம் தானா வந்துடும்" என்று சொன்னேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டீர்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. எனக்கு எதுவும் தானாக வரவில்லை. வராமல் போனதற்கு விலையாக என் முதல் வகுப்பில் இருந்த ஒரு பையன் தன் பள்ளிக்கூட வாழ்க்கையின் முதல் ஐந்து மாதங்களைக் கொடுத்தான். அதை உங்களிடம் மறைத்துவிட்டுத் தைரியம் சொல்லி அனுப்பியது தவறு. அந்த மாலையில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். கேட்ட அந்த ஒருவருக்கு மட்டுமல்ல, இந்த மலையில் தொடக்கக் கல்வி பட்டயப் படிப்புப் படிக்கும் எல்லோருக்கும்.

முதலில் தேர்வைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் மனத்தில் முன்னால் நிற்பது அதுதான். நான் 2004இல் முடித்தபோது இந்தப் படிப்புக்கு டி.டி.எட். என்று பெயர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். பதிவு மூப்பில் 2008இல் அரசுப் பள்ளிக்கு வந்தேன். உங்களுக்கு அந்த வழி இல்லை. ஆசிரியர் தகுதித் தேர்வில் முதல் தாளில் தேற வேண்டும், அதன் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் நியமனப் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கான இடைநிலை ஆசிரியர் பணிக்கு 2024இல் அப்படி ஒரு தேர்வு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். உங்களுக்குச் சாதகமாக ஒன்று நடந்திருக்கிறது. தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்க பி.எட். தகுதி ஆகாது, அதற்கென்று படித்த பட்டயப் படிப்புதான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. சிறு குழந்தைக்குக் கற்பிப்பது தனித் தொழில், பெரிய படிப்பு படித்தவர் யாரும் வந்து செய்துவிட முடியாது என்பதை அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

2025 செப்டம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பின்படி, ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் பழைய ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஆகவே நானும் இப்போது மாலையில் உட்கார்ந்து படிக்கிறேன். முதல் தாளில் 150 கேள்விகள். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று பகுதிக்கு 30. படிக்கிறவளாக ஒரே ஒரு யோசனை சொல்கிறேன். வழிகாட்டி நூல்களைத் தொடும் முன் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பாடநூல்களை முழுதாக வாசியுங்கள். ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும், 'இங்கே எந்தச் சொல் என் ஊர்க் குழந்தைக்குப் புரியாது' என்று பென்சிலால் குறித்துவையுங்கள். தேர்வுக்கும் அது உதவும். அந்தக் குறிப்புகளை வேலையில் சேர்ந்த முதல் வாரமே தேடி எடுப்பீர்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நான் படகர் வீட்டுப் பெண்; ஹட்டி என்று நாங்கள் சொல்லும் படகர் கிராமம் ஒன்றில் பிறந்தவள். 1990இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது எனக்குத் தமிழ் காதில் விழுந்த மொழிதான், வாயில் வந்த மொழியல்ல. எங்கள் பேச்சில் பால் 'ஹாலு', பல் 'ஹல்லு'. தமிழில் 'ப' வரும் இடத்தில் எங்களுக்குப் பல சொற்களில் 'ஹ' வரும். தமிழின் 'வா' எங்களுக்கு 'பா'. முதல் வாரத்தில் டீச்சர் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டார். டம்ளரில் பால். "ஹாலு" என்றேன். "தப்பு" என்றார். நான் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். அதில் பால்தான் இருந்தது. அவர் கோபமாகச் சொல்லவில்லை, அடிக்கவும் இல்லை. ஆனால் ஆறு வயதில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: என் அம்மா எனக்குத் தந்து, நான் தினமும் குடித்தது தப்பு. தீபாவளி விடுமுறை வரை வகுப்பில் வாய் திறக்கவில்லை என்று அம்மா பிறகு சொல்வார்.

இப்படி ஒன்றை அனுபவித்தவள் ஆசிரியையானால் அந்தத் தவறை ஒருபோதும் செய்ய மாட்டாள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன்.

2008இல் என்னைப் போட்டது பந்தலூர் வட்டத்தில். ஜூன் மாதம். தேவாலா பக்கத்து மழை எப்படி என்று கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகர ஓட்டில் அது விழும்போது கரும்பலகைக்கு அருகில் நின்று பேசினால் கடைசி வரிசைக்குக் கேட்காது. எனக்கு ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும். பதினொரு பிள்ளைகள். பணியர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள், வீட்டில் மலையாளம் பேசுபவர்கள், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள். பயிற்சிக் காலத்தில் நான் நாற்பது பேர் இருந்த நகரத்துப் பள்ளியில் ஒரே வகுப்புக்குப் பாடம் நடத்தி, நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். பாடக்குறிப்பு எழுதுவதில் என் நோட்டைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார்கள்.

அந்தப் பதினொரு பேரில் ஒரு பணியர் பையன். சுவரில் முதுகைச் சாய்த்து ஜன்னலோரம் உட்காருவான். கேட்டால் பதில் இல்லை. எழுந்து நில் என்றால் நிற்பான், உட்கார் என்றால் உட்காருவான். ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. காலாண்டுப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக என் கையால் எழுதினேன்: 'பேசுவதில்லை. கவனம் இல்லை.' இந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதியபோது எனக்கு எந்த உறுத்தலும் இருக்கவில்லை. ஹாலு என்று சொல்லி வாயடைத்துப் போன பெண்தான் அதை எழுதினாள்.

அக்டோபரில் ஒரு மாலை. மழை விடவில்லை, பிள்ளைகளை அனுப்ப முடியாமல் வராந்தாவில் நிறுத்தியிருந்தேன். பால்வாடியிலிருந்து அவனுடைய தங்கையும் வந்து சேர்ந்துகொண்டாள். அவளுக்கு அவன் கதை சொல்ல ஆரம்பித்தான். நான் பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியாது. பத்து நிமிடம் இருக்கும், விடாமல் பேசினான். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. விரல்களை மடக்கிக் காட்டியதிலிருந்து அது நண்டைப் பற்றிய கதை என்று தெரிந்தது. ஓடையில் ஒரு நண்டு, இவன் பிடிக்கிறான், அது கல்லுக்கு அடியில் போகிறது, இவன் கல்லைத் தூக்குகிறான், அது இவனைக் கவ்வுகிறது. தங்கை சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேசத் தெரியாதவன் என்று நான் எழுதிவைத்த பையன்.

மறுநாள் கரும்பலகையில் ஒரு நண்டு வரைந்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினான். நான் ஆறு கால் போட்டிருந்தேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காலைச் சேர்த்தான். முன்னால் இரண்டு பெரிய கொடுக்குகளை வரைந்தான். விரல் வைத்துக் கால்களை எண்ணிவிட்டு, என்னைப் பார்த்து "எட்டு" என்றான். என் வகுப்பில் அவன் சொன்ன முதல் சொல் அதுதான். அன்று நான் அதற்குக் கீழே '8' என்று எழுதினேன். எங்கள் கணக்குப் பாடம் அங்கிருந்து தொடங்கியது.

பிள்ளைகளே, படிப்பு முடியும் முன் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வகுப்பறையில் பேசிப் பழகுவதற்கு உங்களுக்குப் போதிய பயிற்சி கிடைக்கிறது. குழந்தைகள் பேசுவதைக் கேட்டுப் பழக யாரும் உங்களுக்கு மதிப்பெண் தருவதில்லை. அதை நீங்களாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும். அதற்கு உகந்த காலம் இந்த இரண்டு வருடம்தான். வேலையில் சேர்ந்த பிறகு ஒரு வகுப்பின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்து கேட்க உங்களுக்கு நேரமே இருக்காது. தவறு செய்தால் பக்கத்தில் திருத்துவதற்கு ஒரு மூத்த ஆசிரியர் இருப்பதும் இப்போதுதான். ஈராசிரியர் பள்ளியில் சக ஆசிரியர் விடுப்பு என்றால் அன்று கதவைத் திறப்பதும் நீங்கள், பூட்டுவதும் நீங்கள்.

எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். நான் செய்யத் தொடங்கியதைச் சொல்கிறேன். அந்த நண்டுக்குப் பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தண்ணீர், பசி, வலி, பயம், வா, உட்கார், அம்மா எங்கே, வெளியே போக வேண்டும். இப்படி இருபது சொற்கள். ஒவ்வொன்றையும் என் வகுப்பில் இருந்த பிள்ளைகள் வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள் என்று சத்துணவு சமைக்கும் அக்காவிடமும் குடியிருப்புப் பாட்டிமாரிடமும் கேட்டு எழுதினேன். சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் நனைந்து உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கண்டவர்களுக்கு அந்த நோட்டின் அருமை தெரியும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் வாழும் மாவட்டம் இது. படகர் மொழி தனி. கூடலூர் பக்கம் மலையாளமும் கன்னடமும். இப்போது தேயிலைத் தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள். உங்கள் விடுதியிலேயே நான்கு மொழி பேசுபவர்கள் இருப்பார்கள். இன்றிரவு சாப்பிடும்போது இருபது சொல்லையும் எழுதி வாங்கிவிடலாம். கல்வி உரிமைச் சட்டம்கூட இயன்றவரை குழந்தையின் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. நம் பாடநூல் தமிழில் இருக்கிறது, அது இருக்கட்டும். அந்தத் தமிழுக்குக் குழந்தை வந்து சேரும் வழியில் நாம் நான்கு எட்டு எதிரே போய் நிற்கலாம் அல்லவா?

அடுத்தது, பல வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்துவது. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் எழுதும் பாடக்குறிப்பு ஒரு வகுப்புக்கு, ஒரு பாடவேளைக்கு. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். இந்த மலையில் ஹட்டிக்கு ஒன்று, எஸ்டேட்டுக்கு ஒன்று என்று சிறு பள்ளிகள். ஆகவே உங்கள் முதல் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நீங்கள் இரண்டு பேராக இருக்கவே அதிக வாய்ப்பு. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் கற்ற நிலையை வைத்துப் பிரிக்கிறோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பிலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை மலரிலும் இருக்கலாம். சிறிய பள்ளிக்கு இது பொருந்துகிற முறை என்பது என் அனுபவம். ஆனால் ஒரு குழுவோடு நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது மற்ற இரண்டு குழுவும் என்ன செய்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல்தான் புது ஆசிரியர் பதினோரு மணிக்கே தொண்டை கட்டிப்போய் நிற்கிறார்.

எங்கள் பள்ளியில் நடந்த ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். தேயிலைக் கொழுந்து ஒரு கூடை கொண்டுவரச் சொன்னேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்ததுதான் ஒரு கொழுந்து என்று எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே தெரியும். அரும்புப் பிள்ளைகள் இலை எத்தனை, மொட்டு எத்தனை என்று எண்ணி இரண்டாகப் பிரித்தார்கள். மொட்டு நிலைப் பிள்ளைகள் கொழுந்துகளை வரிசையாக அடுக்கி மூன்று, ஆறு, ஒன்பது என்று போய் மூன்றாம் வாய்ப்பாட்டைத் தரையில் கட்டினார்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு: அம்மா காலையில் 14 கிலோ பறித்தார், மதியம் 11 கிலோ, ஈரத்துக்கும் சாக்குக்கும் சேர்த்து 2 கிலோ கழித்தார்கள், கிலோவுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு வரும்? ஒரு பெண் கணக்கை முடித்துவிட்டு, "டீச்சர், எதுக்கு ரெண்டு கிலோ கழிக்கிறாங்க? எங்கம்மா சாக்கு ஒரு கிலோகூட இருக்காது" என்றாள். அன்று மீதி நேரம் சாக்கை எடை போடுவதிலேயே போயிற்று. ஒரு கூடைக் கொழுந்தில் மூன்று குழுவும் வேலை செய்தன. நான் அரும்புக் குழுவோடு இருபது நிமிடம் முழுதாக உட்கார முடிந்தது.

கல்லூரியில் இருக்கும்போது வாரத்துக்கு ஒன்றாக இப்படி ஒரு பாடக்குறிப்பு எழுதிப் பாருங்கள். கையில் ஒரு பொருள், மூன்று குழு. ரெக்கார்டு நோட்டில் ஒட்ட வேண்டாம், தனியாக வைத்திருங்கள். ஐம்பது வாரத்தில் ஐம்பது குறிப்பு சேரும். வருடத்தின் சுமார் 200 வேலை நாட்களில் நான்கில் ஒரு நாளுக்கான சோறு ஆக்கி வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நீங்கள் பயிற்சிக்குக் கொண்டுவந்த சார்ட்டுகள் அழகாக இருந்தன. எத்தனை இரவு விழித்து வெட்டி ஒட்டியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படிச் செய்தவள்தான். ஆனால் பிள்ளைகள் தொட்டுப் பிரித்து மறுபடி சேர்க்க முடியாத எதற்கும் அந்த உழைப்பைச் செலவழிக்காதீர்கள். எங்கள் ஊர் ஈரத்தில் சார்ட்டு ஜூலையிலேயே சுருண்டுவிடும். கூழாங்கல்லும் சீகை விதையும் சுருளாது.

பிள்ளைகளோடு பழக இடம் வேண்டுமே என்றால், கொரோனாவுக்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது எங்கள் ஊர்ப் பக்கம் கல்லூரிப் பெண்கள் பலர் தன்னார்வலராக மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்தான். அதில் இருந்த ஒரு பெண் இன்று பக்கத்து ஒன்றியத்தில் ஆசிரியை. முதல் நாளே பத்து வருடம் வேலை பார்த்தவளைப் போலப் பிள்ளைகள் நடுவில் தரையில் உட்கார்ந்தாளாம். திட்டம் எதற்காகவும் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஹட்டியின் சமுதாயக் கூடத் திண்ணை, எஸ்டேட் லைன் வீட்டு முற்றம், வாரத்துக்கு இரண்டு மாலை. பெற்றோரிடம் சொல்லிவிட்டு, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். பத்துக் கதைகளைப் புத்தகம் பார்க்காமல் சொல்லப் பழகுங்கள். இருபது பாட்டு மனப்பாடமாக இருக்கட்டும். மின்சாரம் போன மழை நாளில், ஸ்மார்ட் வகுப்பறைத் திரை இருண்டு கிடக்கும்போது, உங்களிடம் இருப்பது அவ்வளவுதான்.

பாடம் தவிர்த்த வேலைகளும் இருக்கின்றன. எமிஸ் என்னும் கல்வித் துறை இணையத் தளத்தில் பிள்ளைகளின் விவரப் பதிவு, செயலியில் வருகை, அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம், உதவித்தொகைப் படிவம், பழங்குடிப் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்கு அலைவது, தேர்தல் பணி. முதல் வருடத்தில் இவையெல்லாம் சேர்ந்து வந்து விழும்போது பாடம்தான் ஓரம் போகும். பயிற்சிக்குப் போகும் பள்ளியில் ஒரு நாளைத் தலைமையாசிரியரின் மேசைக்குப் பக்கத்தில் கழியுங்கள். எந்தப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். அது போதும்.

காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் ஒரு இரவு கரடி சத்துணவுக் கூடக் கதவை உடைத்து எண்ணெய் டின்னைக் காலி செய்துவிட்டுப் போனது. மறுநாள் காலை பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அன்று எனக்குத் தேவைப்பட்டது எந்தக் குழந்தை எந்தப் பாதையில் வருகிறது என்ற விவரம். யார் யாரோடு சேர்ந்து வருகிறார்கள், எந்த வளைவில் காட்டுமாடு நிற்கும், யார் வீட்டில் போன் இருக்கிறது, யார் வீட்டில் சிக்னல் இல்லை. அன்றிலிருந்து வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம் வைத்திருக்கிறேன். பெரிய பிள்ளைகள்தான் வரைந்தார்கள். வேலைக்குச் சேரும் ஊரில் முதல் வாரமே மாலையில் பிள்ளைகளோடு நடந்து போய்விட்டு வாருங்கள். அந்த நடையில் பெற்றோரையும் பார்த்துவிடலாம். கொழுந்து பறிக்கும் அம்மாக்கள் மூன்று மணிக் கூட்டத்துக்கு வர மாட்டார்கள், வந்தால் அன்றைய கூலி போகும். அதற்குப் பிள்ளைமேல் அக்கறை இல்லை என்று பெயர் வைத்துவிடாதீர்கள். நாங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை ஐந்தரைக்கு மாற்றினோம்; வராந்தா நிறைந்தது.

இன்னும் ஒன்று. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

உங்களில் சிலர் சமவெளியிலிருந்து வந்து படிக்கிறீர்கள். வேறு மாவட்டத்துக்காரர் பலருக்கு முதல் பணியிடம் இந்த மலையில்தான் கிடைக்கும். டிசம்பர் உறைபனியில் வாடகை அறையில் தனியாக இருப்பது கடினம். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் மனம் பாடாய்ப்படும். மாறுதல் கலந்தாய்வில் ஊர்ப்பக்கம் கேட்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் என் பள்ளியில் ஏழு வருடத்தில் ஐந்து பேர் வந்து போயிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூனிலும் பிள்ளைகள் வாசலில் நின்று, "அந்த மிஸ் வரலையா?" என்று கேட்பார்கள். ஒருவர் மட்டும் போவதற்கு முந்தைய நாள் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, தான் எந்த ஊருக்குப் போகிறேன், ஏன் போகிறேன், அடுத்து வருபவருக்கு யார் யாரைப் பற்றி என்னென்ன எழுதிவைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஜூனில் யாரும் கேட்கவில்லை. அவர் எழுதிவைத்த நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. 'இவளுக்கு இடது காது மந்தம், வலப்பக்கம் உட்காரவைக்கவும்.' 'இவன் அப்பா பெயரைக் கேட்க வேண்டாம்.' 'இவனுக்குக் கழித்தல் விரலில் வரும், தாளில் வராது.' நீங்கள் ஒரு வருடம்தான் இருந்தாலும் இப்படி ஒரு நோட்டை விட்டுச் செல்லும்படி இருங்கள். இப்படிப் பார்ப்பதற்குக் கண் பழக வேண்டும். உங்கள் திண்ணைப் பிள்ளைகளைப் பற்றி வாரம் ஒருவராக இன்றே எழுதிப் பார்க்கலாம்.

முதல் நாள் என்ன செய்வது என்று கேட்டவருக்கு இப்போது பதில் சொல்கிறேன். காலை உணவு போடும் நேரத்துக்கே போய்விடுங்கள். அவர்களோடு உட்கார்ந்து அதே உப்புமாவைச் சாப்பிடுங்கள். மதியத்துக்குள் எல்லோர் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரையும் கேளுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே என்று காட்டுங்கள். புத்தகத்தைத் திறக்க வேண்டாம். நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள், பிறகு அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள், எந்த மொழியில் வந்தாலும் சரி. பேசாத பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேராக எதையும் எழுதிவிடாதீர்கள்.

வரும் ஜூனில் எங்கள் ஒன்றாம் வகுப்புக்கு நான்கு பேர் வருகிறார்கள். ஒருத்தி ஹட்டிப் பெண், இரண்டு பேர் இருளர் குடியிருப்பிலிருந்து, ஒருவன் எஸ்டேட்டில் வேலைக்கு வந்திருக்கும் ஜார்க்கண்ட் குடும்பத்துப் பையன். நான்கு பேருக்குள் பொதுவான மொழி இன்னும் இல்லை. பள்ளி திறக்கும் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள். பயிற்சிக்காலம் வரை பொறுத்திருந்தால், அதற்குள் அவர்கள் பழகிவிடுவார்கள், நீங்கள் காண வேண்டியதைக் காண முடியாது. உங்கள் முதல்வரிடம் அனுமதிக் கடிதம் மட்டும் வாங்கி வாருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். கோத்தகிரியிலிருந்து எட்டு மணி மினி பஸ். இறங்கி இருபது நிமிடம் நடை. மழைக்குக் குடை வேண்டாம், ரெயின் கோட் போட்டு வாருங்கள். மாலையில் இறக்கத்தில் நடக்கும்போது ஆளுக்கொரு பக்கமாகப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள், உங்களுக்கு இரண்டு கையும் வேண்டும்.

அன்புடன்,
கோத்தகிரி வட்டாரத்திலிருந்து ஒரு தலைமையாசிரியை